வீடியோ கன்வெர்ட் பாதியில் உறைந்துவிடுகிறது. ஒரு ஃபைல் மட்டும் எப்போதும் 37 சதவீதத்தில்

கோத்தகிரி ஸ்டுடியோ | திங்கள் இரவு 9.12

வணக்கம். அப்பா கோத்தகிரியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் எடுத்த மினிடிவி கேசட்டுகளை அந்தக் காலத்திலேயே ஃபயர்வயர் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏவிஐ ஃபைல்களாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறார். கல்யாணம், எங்கள் பக்கத்துப் படுகர் ஊர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, பள்ளி ஆண்டு விழா எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒரு மணி நேர ஃபைல் 13 ஜிபி. பெரியம்மா வீட்டு டீவியில் பென் டிரைவைச் செருகினால் இது ஓடாது என்பதால் எம்பி4 ஆக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு இலவச கன்வெர்ட்டரில் போட்டேன். பச்சைக் கோடு ஒழுங்காக நகர்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். விண்டோ வெளுத்துப்போகும். அப்புறம் எதை அழுத்தினாலும் அசையாது. ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு கன்வெர்ட்டரிலும் போட்டுப் பார்த்தேன், அதே கதை. இதில் பண்டிகை ஃபைல் ஒன்று இரண்டு மென்பொருளிலும் 37 சதவீதத்தில்தான் நிற்கிறது. மற்ற ஃபைல்கள் ஒரு நாள் 12-இல், இன்னொரு நாள் 80-இல். காலையில் போட்டால் சிலது முடிந்தும் விடுகிறது.

லேப்டாப் ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இந்தக் குளிரில் சூடு ஒரு காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். உறையாமல் ஓடுகிற வேறு நல்ல மென்பொருள் எது?


கூடலூர் நெட் சென்டர் | திங்கள் இரவு 9.40

கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் பண்ணுங்க. ஆண்டிவைரஸை நிறுத்திட்டு ஓட்டிப் பாருங்க. என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்குற பகுதி, அந்த இடத்தில் கிராபிக்ஸ் சிப்பில் ஓடுற குவிக் சிங்க் என்று இருந்தால், சிபியுவில் ஓடுற எக்ஸ்264-க்கு மாத்துங்க. பாதி கேஸ் இதிலேயே சரியாயிடும்.


கொடை மேகம் | திங்கள் இரவு 10.25

தம்பி, மென்பொருளை மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு மென்பொருள் ஒரே ஃபைலில் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் மூன்றாவதும் அங்கேதான் நிற்கும். கோளாறு அவற்றுக்கு வெளியே இருக்கிறது. உங்கள் விவரத்தைப் படித்தால் இது ஒரு நோய் இல்லை, இரண்டு என்று தோன்றுகிறது. ஒரே இடத்தில் நிற்பது ஒன்று. கண்ட இடத்தில் நிற்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் விடியாது.

அதற்கும் முன்னால், உண்மையிலேயே நின்றுவிட்டதா, ஆமை வேகத்தில் போகிறதா என்று தெரிய வேண்டும். அடுத்த முறை நிற்கும்போது மூடிவிடாதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சிபியு 90, 100 என்று நின்றால் வேலை நடக்கிறது, திரை மட்டும் பதில் சொல்லவில்லை. விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். சிபியு தரையில் கிடந்தால் அது எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்பதை அந்த எக்ஸ்டர்னல் டிஸ்கின் வரைபடம் சொல்லும். அது எத்தனை சதவீதம், படிக்கிற வேகம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் போடுங்கள்.

ஹேண்ட்பிரேக்கில் முழு ஃபைலையும் ஓட்டி 37 வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரேஞ்ச் என்ற இடத்தில் விநாடி கணக்கில் ஆரம்பமும் முடிவும் கொடுக்கலாம். ஒரு மணி நேரத்தில் 37 சதவீதம் என்றால் 22-வது நிமிடத்தை ஒட்டி வரும். 21-இலிருந்து 24 வரை மட்டும் போடுங்கள். அடுத்து 24-இலிருந்து கடைசி வரை. இரண்டாவது துண்டு தங்குதடையின்றி ஓடினால் பழுது அந்த இடத்தில் மட்டும்தான்.


மலைரயில் பித்து | திங்கள் இரவு 11.02

குன்னூர்க்காரன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். குளிர் ஊர் என்பதால் சூடு இருக்காது என்பதை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் லேப்டாப் கம்பளிக்கு மேலேதான் உட்காரும். அடியில் காற்று இழுக்கிற துளை முழுக்க மூடிக்கொள்ளும். என்கோடிங் என்பது சிபியுவின் எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் முழு மூச்சாக ஓட்டுகிற வேலை. எச்.265 என்ற புதிய சுருக்க முறை என்றால் இன்னும் மோசம். இன்டெல் லேப்டாப் சிப் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மீறினால் மெஷினே அணைந்துவிடும்.

நான் மேட்டுப்பாளையம் பாதையில் எடுத்த நீராவி எஞ்சின் வீடியோக்களை மாற்றும்போது பார்த்திருக்கிறேன். கல்லாறு தாண்டி பல்சக்கரப் பாதையில் புகை கக்கிக்கொண்டு ஏறுகிற காட்சியில் ஃபிரேம் வேகம் பாதியாகிவிடும். அது சூட்டினால் இல்லை. புகையும் இலையும் அசைகிற காட்சி என்கோடருக்குக் கூடுதல் வேலை. ஆகவே ஓரிடத்தில் மெதுவாவதெல்லாம் பழுது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அது சரி, ஒரு சந்தேகம். மலை மேல் காற்று லேசு. ஃபேன் அதே சுற்றுச் சுற்றினாலும் குளிர்விப்பது குறையுமா?


கொடை மேகம் | திங்கள் இரவு 11.30

குறையும். 2,200 மீட்டர் உயரத்தில், அதாவது ஊட்டி அளவில், காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், அங்கே கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் சென்னையில் அறை வெப்பம் 32 என்றால் உங்களுக்கு 16, 17. ஃபேனில் இழப்பதை அறைக் குளிரில் திரும்ப வாங்கிவிடுகிறீர்கள், மிச்சமும் கிடைக்கும். ஹார்டு டிஸ்குக்கும் உயரக் கணக்கு உண்டு. உள்ளே படிக்கிற தலை, சுழல்கிற தட்டைத் தொடாமல் காற்று மெத்தையில்தான் மிதக்கிறது. சாதாரண டிஸ்குகளுக்கு 3,048 மீட்டர் வரை அனுமதி போட்டிருப்பார்கள். தொட்டபெட்டா உச்சியே 2,637 தான். ஆகவே உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். கம்பளியின் மேல் தாராளமாகப் போடலாம்.

மலையில் நிஜமான எதிரி ஈரம். சாரலில் எடுத்துவந்த குளிர்ந்த லேப்டாப்பை, ஹீட்டர் போட்ட அறையில் வைத்தவுடன் ஆன் செய்யாதீர்கள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். ஒரு மணி நேரம் சும்மா கிடக்கட்டும்.


கோத்தகிரி ஸ்டுடியோ | செவ்வாய் இரவு 8.50

கொடை மேகம் ஐயா, சொன்னபடி செய்தேன். லேப்டாப் மர மேசை மேல்தான் இருக்கிறது, கம்பளி இல்லை!

பண்டிகை ஃபைலில் 21 முதல் 24 நிமிடம் வரை போட்டதும் நின்றது. சிபியு 2 சதவீதம். எக்ஸ்டர்னல் டிஸ்க் 100 சதவீதம், ஆனால் படிக்கிற வேகம் 0. டிஸ்கில் காதை வைத்தால் டொக்... டொக்... என்று ஒரே சீரில் சத்தம். 24-இலிருந்து கடைசி வரை நிற்காமல் முடிந்துவிட்டது.

மற்ற ஃபைல்களில் நிற்கும்போது வேறு மாதிரி. சிபியு சட்டென்று விழுகிறது. டிஸ்க் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் யுஎஸ்பி செருகினால் வருகிற டிங் சத்தம் கேட்கிறது. நான் எதையும் தொடவில்லை.


கூடலூர் நெட் சென்டர் | செவ்வாய் இரவு 9.05

பேட் செக்டர், அதாவது டிஸ்கில் ஒரு துண்டு பழுது. விண்டோஸோட செக்டிஸ்க் கட்டளையை /r சேர்த்து ஒரு ராத்திரி ஓட விடுங்க. காலையில ரெடி.


கொடை மேகம் | செவ்வாய் இரவு 9.11

வேண்டாம், வேண்டாம். தயவுசெய்து இப்போது அதை ஓட்டாதீர்கள்.

செக்டிஸ்க் நல்ல டிஸ்கில் ஃபைல் அமைப்பைச் சரிசெய்வதற்கு. சாகிற டிஸ்கில் அதை ஆர் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு செக்டராக, பழுதான இடத்திலும், முட்டி முட்டிப் படிக்கும். அந்த உழைப்பிலேயே டிஸ்க் போய்விட்டால் அப்பா எடுத்தது மொத்தமும் போச்சு. தவிர அது டிஸ்கில் எழுதவும் செய்யும். பழுதான டிஸ்கில் இனிமேல் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. முதலில் நகல், மற்றதெல்லாம் அப்புறம்.

37-இல் நடப்பது இதுதான்: அந்த இடத்தில் தட்டு படிக்க முடியாமல் இருக்கிறது. டிஸ்க் உடனே தோல்வியை ஒத்துக்கொள்ளாது. கிழிந்த பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டிப் பார்ப்பதுபோல அதே இடத்தில் மீண்டும் மீண்டும் முயலும். அந்த டொக் டொக் அதுதான். விண்டோஸ் டிஸ்குக்காகக் காத்திருக்கிறது, ஹேண்ட்பிரேக் விண்டோஸுக்காகக் காத்திருக்கிறது, நீங்கள் ஹேண்ட்பிரேக்குக்காக. உறைந்தது மென்பொருள் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கிற ஸ்மார்ட் பட்டியலைக் காட்டும். 05, சி5 என்ற இரண்டு வரிசையைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே ஒதுக்கி மாற்று இடம் கொடுத்துவிட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை.


கூடலூர் நெட் சென்டர் | செவ்வாய் இரவு 9.30

எங்க கடைக்கு வர்ற டிஸ்குக்கெல்லாம் வருஷக்கணக்கா இதைத்தான் பண்றோம் சார். பாதிக்கு மேல சரியாகித்தான் போகுது.


கொடை மேகம் | செவ்வாய் இரவு 9.38

சரியாகிப் போகிற பாதியைப் பற்றி எனக்கும் சண்டையில்லை. மற்றதில் இருப்பது ஒருவருடைய கல்யாண வீடியோவாக இருந்தால்தான் வருத்தம்.


பழைய கேசட் | செவ்வாய் இரவு 10.15

நான் ஊட்டி. பழைய டேப் சேர்க்கிற பைத்தியம். தம்பி, அசல் மினிடிவி கேசட் இன்னும் இருக்கிறதா? இருந்தால் பதற்றமே வேண்டாம், அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் கேமராவில் போடுவதற்கு முன் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னல் வழியாக டேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் தூளாகவோ சிலந்தி வலை மாதிரியோ படிந்திருந்தால் பூஞ்சை. நம் மலையில் ஜூன் ஆரம்பித்து மாதக்கணக்கில் வெயிலைப் பார்க்காத அலமாரியில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த டேப்பை ஓட்டினால் பூஞ்சை கேமராவின் ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடுகிற நல்ல டேப்புக்கும் போகும்.

மினிடிவி கேசட்டின் டிவி (DV) ஃபார்மட்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டது. நம் நாட்டு டீவி முறையான பால் (PAL) முறையில் ஒரு ஃபிரேமுக்கு 144,000 பைட், விநாடிக்கு 25 ஃபிரேம். பழுதான செக்டர் ஒன்றிரண்டு என்றால் ஒரு ஃபிரேமில் கட்டம் கட்டமாக ஒரு கறை தெரியும், அடுத்த ஃபிரேம் சுத்தமாக வந்துவிடும். இதே எம்பி4-இல் வழக்கமாக வருகிற எச்.264 சுருக்கமாக இருந்தால் அடுத்த முழு ஃபிரேம் வரும்வரை படம் கலங்கிக்கொண்டே போகும். அப்பா ஏவிஐ ஆகவே வைத்திருந்தது புண்ணியம்.


கோத்தகிரி ஸ்டுடியோ | புதன் மாலை 6.20

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது. 05 சுழி. சி5-இல் எண் இருக்கிறது. செக்டிஸ்க் ஓட்டவில்லை. கேசட்டுகள் பெரியப்பா வீட்டுப் பரணில் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைதான் போய் எடுக்க முடியும்.

அந்த இரண்டாவது சிக்கல்தான் புரியவில்லை. டிங் சத்தம் நேற்று சாயங்காலமும் வந்தது. விண்டோஸில் அந்த டிஸ்குக்குக் காட்டுகிற டிரைவ் எழுத்து மறைந்து திரும்ப வந்தது.


மலைரயில் பித்து | புதன் மாலை 6.45

அந்த டிஸ்க் எந்த வகை? யுஎஸ்பி ஒயரிலேயே ஓடுகிற சின்னதா, தனியாக அடாப்டர் வைத்து பிளக்கில் செருகுகிற பெரியதா? சாயங்காலம் வீட்டில் பல்பு கண் சிமிட்டுகிறதா?


கோத்தகிரி ஸ்டுடியோ | புதன் மாலை 6.52

பெரியது, தனி அடாப்டர். பல்பு சிமிட்டுவது இங்கே செய்தியா? கீசர் நேரம் வந்தால் தினமும்தான். மழை, காற்று என்றால் கேட்கவே வேண்டாம்.


மலைரயில் பித்து | புதன் மாலை 6.58

பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, கரண்ட் அரை விநாடி போனாலும் அதற்குத் தெரியாது. டிஸ்க் அடாப்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது அணைந்து மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். என்கோடர் படித்துக்கொண்டிருந்த ஃபைல் திடீரென்று கைவிட்டுப் போய்விடும். டெஸ்க்டாப் என்றால் மொத்தமும் அணைந்து உங்களுக்கே புரிந்திருக்கும். லேப்டாப் என்பதால்தான் மென்பொருள் மேல் சந்தேகம் வந்தது.

ஆதாரம் வேண்டுமென்றால் விண்டோஸில் ஈவென்ட் வியூவர் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் டிஸ்க் என்ற பெயரில் வந்தவற்றைப் பாருங்கள். 157 என்றால் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிட்டது என்று அர்த்தம். 7 என்றால் பழுதான செக்டர். 153 என்றால் படிப்பதைத் திரும்ப முயன்றது. நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.


கோத்தகிரி ஸ்டுடியோ | புதன் இரவு 7.30

அச்சு அசலாக அதேதான் அண்ணா. 157 எல்லாம் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள். 7 எல்லாம் பண்டிகை ஃபைல் ஓட்டிய நேரத்தில். இரண்டும் வேறு வேறு என்று ஐயா முதல் நாளே சொன்னது சரியாக இருக்கிறது.


கொடை மேகம் | புதன் இரவு 8.10

ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி வெடுக் வெடுக்கென்று கரண்ட் போவது டிஸ்குக்கும் நல்லதில்லை. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனால் அந்த செக்டர் அரைகுறையாக நிற்கும், சி5-இல் வந்து சேர இதுவும் ஒரு வழி. உங்களுக்கு அப்படித்தான் ஆனதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: புது டிஸ்க் ஒன்று வாங்குங்கள். யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கிற சின்ன வகையாக இருக்கட்டும், லேப்டாப் பேட்டரியே அதற்கு யுபிஎஸ். பழைய டிஸ்கின் அடாப்டரை ஒரு சாதாரண கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் செருகி, அப்புறம் நகலெடுங்கள். நல்ல ஃபைல்களை முதலில் எடுங்கள். பண்டிகை ஃபைலைக் கடைசியில் தொடுங்கள். விண்டோஸ் காப்பி அந்த இடத்தில் பிழை சொல்லி மொத்தத்தையும் கைவிடும். அதற்கு லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். படிக்க முடிகிற பகுதியையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடத்தைக் குறித்து வைத்துக் கடைசியில் முயலும். எங்கே விட்டோம் என்று தனி ஃபைலில் எழுதிக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கன்வெர்ட் செய்வது எப்போதும் நகலிலிருந்துதான். அதுவும் லேப்டாப்பின் உள் டிஸ்கில் வைத்து.


கோத்தகிரி ஸ்டுடியோ | சனி இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. நல்ல ஃபைல்கள் அனைத்தும் புது டிஸ்குக்கு வந்துவிட்டன. பண்டிகை ஃபைலிலும் டிடிரெஸ்க்யூ விட்டது வெறும் சில கேபி. அதை ஹேண்ட்பிரேக்கில் போட்டேன், 37-ஐத் தாண்டி முடிந்துவிட்டது. ஊர்வலத்தில் பாட்டி ஒருவர் முகத்தின் மேல் ஒரு நொடி கட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். கேசட் வந்ததும் அதையும் பார்க்கலாம்.

இன்னொன்று. மனிதர்கள் நகரும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு வருகிறது. பின்னால் மூடுபனி இருக்கிற இடத்தில் வானம் படிப்படியாகப் பட்டை பட்டையாகத் தெரிகிறது.


பழைய கேசட் | சனி இரவு 9.35

கோடு வருவது இன்டர்லேஸ், அதாவது ஒரு ஃபிரேமை ஒரு வரி விட்டு ஒரு வரியாக இரண்டு பாதியாகப் பதிகிற பழைய முறை. ஃபில்டர் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் போடுங்கள். பாப் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் விநாடிக்கு 50 ஃபிரேம் கிடைக்கும், ஆட்டம் பாட்டத்துக்கு அசைவு வழுக்கிக்கொண்டு போகும். படத்தில் இருக்கிற புள்ளி இரைச்சலைக் குறைக்கும் என்எல்மீன்ஸ் ஃபில்டரை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள், மறுபடியும் உறைந்துவிட்டது என்று இங்கே வந்து எழுதுவீர்கள். அவ்வளவு மெதுவு.

பட்டை விழுவது நம் ஊர் வியாதி. பண்டிகைக்கு உடுத்துகிற வெள்ளை உடை, அதன் பின்னால் வெள்ளை மூடுபனி. மென்மையான நிற மாற்றத்தைத்தான் என்கோடர் முதலில் வெட்டி எறியும். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணைக் குறையுங்கள். எண் குறைந்தால் தரம் கூடும். இந்த அளவு படத்துக்கு 18 முதல் 22 வரை என்பதுதான் ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்வது. நீங்கள் 18 வையுங்கள்.

வேலை நடக்கும்போது எம்பி4-க்குப் பதில் எம்கேவி என்ற வேறு ஃபைல் வகையாக எழுதுங்கள். எம்பி4-இல் எந்த ஃபிரேம் எங்கே என்ற அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும், பாதியில் நின்றால் ஃபைல் திறக்கவே திறக்காது. எம்கேவி என்றால் நின்ற இடம் வரைக்குமாவது ஓடும். முடிந்த பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி கொண்டு மறு என்கோடிங் இல்லாமலே எம்பி4 உறைக்கு மாற்றிவிடலாம், சில நிமிட வேலை.


தாண்டிக்குடி காபி | ஞாயிறு காலை 10.20

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். எனக்கு எல்லாம் ஒழுங்காகப் போய் 99 சதவீதத்துக்கு மேல் வந்ததும் நிற்கிறது. மொபைலில் எடுத்த நீளமான கோயில் திருவிழா வீடியோ. பென் டிரைவிலிருந்து எடுத்து, அதே பென் டிரைவிலேயே எழுத வைத்திருக்கிறேன். இதுவும் டிஸ்க் கோளாறா?


மலைரயில் பித்து | ஞாயிறு காலை 10.48

இல்லை, உங்களுடையது நிற்கவே இல்லை. வெப் ஆப்டிமைஸ்டு என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் கடைசியில் இருக்கிற அட்டவணையை முன்னால் கொண்டுவர மொத்த ஃபைலையும் இன்னொரு முறை எழுதும். மெதுவான பென் டிரைவில் அது காபி குடித்துவிட்டு வருகிற நேரம் எடுக்கும். டிக்கை எடுத்துவிடுங்கள், லேப்டாப் உள் டிஸ்கில் எழுதிவிட்டு அப்புறம் பென் டிரைவுக்கு மாற்றுங்கள்.


தாண்டிக்குடி காபி | ஞாயிறு மதியம் 1.15

முடிந்தது, நன்றி அண்ணா. ஆனால் வந்த ஃபைல் 5 ஜிபி, பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் இடம் போதாது என்கிறது.


கோத்தகிரி ஸ்டுடியோ | ஞாயிறு மதியம் 1.40

இது எனக்கே தெரியும். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்தால் ஏறும், ஆனால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பழைய டீவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. பெரியம்மா வீட்டு டீவி படிக்கவில்லை. அங்கே கொடுக்க ரேஞ்சில் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு ஃபைலாக எடுத்துவிட்டேன், ஓடுகிறது.